அறுபது அடி எலும்புக்கூடும் ஆறு பேர் சாம்பலும்

படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோண்டிப்போட்ட ஒரு குழி. குழிக்குள் மல்லாந்து கிடக்கிறது ஒரு மனித எலும்புக்கூடு. மண்டையோடு மட்டுமே ஆள் உயரம் இருக்கும் போலிருக்கிறது. பக்கத்தில் மம்மட்டியோடு நிற்கிற ஆள் அதற்கு முன்னால் சுண்டெலி மாதிரி தெரிகிறான். படத்தோடு ஒரு சேதியும் வரும். வட இந்தியப் பாலைவனத்தில் நேஷனல் ஜியாகரபிக் குழு ராணுவத்தின் உதவியோடு தோண்டியபோது கிடைத்ததாம். கூடவே எழுத்துப் பொறித்த பலகைகள் கிடைத்தனவாம். பிரம்மா இப்படிப்பட்ட பேருருவங்களைப் படைத்தார் என்று அதில் எழுதியிருக்கிறதாம். பீமன் மகன் கடோத்கஜனின் எலும்பு இதுதானாம். ராணுவம் இடத்தை வளைத்துக்கொண்டு யாரையும் உள்ளே விடமாட்டேன் என்கிறதாம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் மின்னஞ்சலில் வந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. படிக்காதவன் நம்புகிறான், படித்தவன் சிரிக்கிறான் என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய். மின்னஞ்சல் வைத்திருந்தவன்தான் இதை முதலில் பரப்பினான். அந்தக் காலத்தில் எங்க காலனியில் யாருக்கு மின்னஞ்சல் இருந்தது?

இந்தப் படத்தின் பிறப்பு இன்று தெளிவாகத் தெரிந்த விஷயம். 2000-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹைட் பார்க் என்ற ஊரில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் மாஸ்டோடானின் எலும்புகளைத் தோண்டினார்கள். மாஸ்டோடான் என்பது யானைக்குப் பங்காளி முறையில் வருகிற, அழிந்துபோன ஒரு மிருகம். மேலிருந்து எடுத்த அந்தக் குழியின் படத்தில் 2002-இல் ‘அயர்ன்கைட்’ என்ற புனைபெயர்க்காரர் கணினி கொண்டு ஒரு மனித எலும்புக்கூட்டைப் பொருத்தினார். வொர்த்1000 என்ற தளம் நடத்திய போட்டிக்காகச் செய்தது. இல்லாத தொல்லியல் அதிசயம் ஒன்றை உண்டாக்கிக் காட்டு என்பதுதான் போட்டி. மூன்றாம் பரிசு கிடைத்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 2004-இல் அதே படம் சௌதி அரேபியாவில் முளைத்தது. எரிவாயு தேடிப்போன குழு ‘வெற்றுப் பகுதி’ என்று பேர் பெற்ற பாலைவனத்தில் கண்டெடுத்ததாகக் கதை. குர்ஆன் சொல்லும் ஆது கூட்டத்தாரின் எலும்பு, ஹூது நபியின் பேச்சைக் கேட்காமல் அழிந்தவர்கள் என்று விளக்கம். அந்த ஏப்ரலில் வங்கதேச நாளிதழ் ஒன்று இதைச் செய்தியாகவே போட்டது. அப்புறம் அதே கடிதம் இந்து வேஷம் கட்டிக்கொண்டது. ஆது கூட்டம் ராட்சசர் ஆனது. நபி இருந்த இடத்தில் பிரம்மா வந்தார். ஆனால் வேஷம் மாற்றியவன் அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டான். வட இந்தியப் பாலைவனத்துக்கும் ‘வெற்றுப் பகுதி’ என்றுதான் பேர் என்று அரேபியப் பெயரை அப்படியே விட்டுவிட்டான். கிரீடத்தை மாற்றிய கூத்தாடி சலங்கையை மாற்ற மறந்த மாதிரி.

2007 மார்ச்சில் மும்பையிலிருந்து வரும் ஒரு இந்து மாத இதழ் இதை அச்சில் ஏற்றியது. வாசகர்கள் சுட்டிக்காட்டிய பிறகு மறுப்பும் போட்டது. அந்த டிசம்பரில் நேஷனல் ஜியாகரபிக்கே, இது போட்டிக்குச் செய்த ஒட்டுப்படம் என்று எழுதியது. படத்தைச் செய்தவர் தன் உண்மைப் பேரைச் சொல்ல மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. படம் மெய்யா பொய்யா என்று பேச ஆரம்பித்தவர்கள் எல்லாவற்றையும் மதச் சண்டையாக ஆக்கிக்கொண்டிருந்தார்களாம். ஒரு விளையாட்டுப் படம் இரண்டு மதங்களுக்குச் சாட்சி சொல்லப் போனது. இரண்டிலும் எலும்புக்குரியவன் கெட்டவன். ஒன்றில் கடவுளுக்குப் பணியாதவன், இன்னொன்றில் ராட்சசன். ஜெயித்தவன் வேதத்தை மெய்ப்பிக்கத் தோற்றவன் எலும்பு தேவைப்படுகிறது.

●

அறுபது அடி மனிதன் இருந்திருக்கவே முடியாது என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். 1638-இல் கலீலியோ எழுதிய கணக்கு அது. ஆறடி மனிதனை அப்படியே பத்து மடங்காக்கு. உயரம் பத்து, அகலம் பத்து, கனம் பத்து. எடை ஆயிரம் மடங்கு. ஆனால் அந்த எடையைத் தாங்குகிற எலும்பின் குறுக்குப் பரப்பு நூறு மடங்குதான் கூடும். ஆக ஒவ்வொரு அங்குல எலும்பும் பத்து மடங்கு பாரம் சுமக்க வேண்டும். 1926-இல் இதையே எளிமையாக எழுதிய ஹால்டேன், மனிதத் தொடையெலும்பு ஏறக்குறைய பத்து மடங்கு பாரத்தில் முறியும், ஆகவே அறுபது அடி ராட்சதன் அடியெடுத்து வைக்கிறபோதெல்லாம் தொடை முறிந்து விழுவான் என்றார். அந்த ஹால்டேன் பின்னால் இந்தியக் குடிமகனாகி 1964-இல் புவனேசுவரத்தில் செத்துப்போனார்.

மருத்துவக் குறிப்பில் உள்ளபடி மனிதரில் அதிகம் வளர்ந்தவர் அமெரிக்காவின் ராபர்ட் வாட்லோ. 8 அடி 11 அங்குலம். கால்கள் தாங்காமல் இரும்புப் பட்டை போட்டு நடந்தார். அந்தப் பட்டை உரசிய புண்ணில் சீழ் வைத்து 1940-இல், 22 வயதில் இறந்தார். உண்மையான ராட்சதனின் கதை இவ்வளவுதான். மரத்தைப் பிடுங்கவில்லை, யாரையும் தின்னவில்லை. வலியோடு நடந்து சின்ன வயதில் செத்தார்.

கணக்கு இவ்வளவு எளிது. ஆனாலும் நம்புகிறார்கள். நம்புகிறவனை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. காலம்பூரா நம்ம ஜனங்களை முட்டாள் என்று சொன்னவர்களின் வாய் அது. ஆகவே வேறு விதமாகக் கேட்கிறேன்: இந்தக் கதையின் எந்த இடத்தில் ஒருவன் மனசு ஒட்டிக்கொள்கிறது?

போன வருஷம் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு கல்லூரித் தம்பி வந்தான். சூட்டிகையான பையன். கைப்பேசியில் இந்தப் படத்தைக் காட்டினான்.

“அண்ணே, இது நம்ம மூதாதைங்கண்ணே. அசுரர், ராட்சசர்னு சொன்னதெல்லாம் நம்மளத்தான? இவ்ளோ பெரிய ஆளுங்களா இருந்திருக்கோம். அதான் மூடி மறைக்கிறானுங்க.”

“யார் மறைக்கிறது தம்பி?”

“கவர்மெண்டுதான். கீழடியில என்ன பண்ணாங்கன்னு பாத்தீங்க இல்ல?”

இதில்தான் விஷயம் இருக்கிறது. கீழடியில் 2014 முதல் 2016 வரை இரண்டு கட்டம் தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணன் 2017-இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். 2023 ஜனவரியில் அவர் 982 பக்க அறிக்கை கொடுத்தார். 2025-இல் மத்தியத் தொல்லியல் துறை அதைத் திருத்தித் தரச் சொன்னது. மாட்டேன் என்றார். இவ்வளவும் ஊரறிய நடந்தவை. ஆகவே அந்தத் தம்பியின் சந்தேகம் ஆகாயத்தில் இருந்து வந்ததில்லை. அதிகாரம் மறைக்கும் என்பது அவன் அனுபவம். கதை கட்டியவன் அந்த அனுபவத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். மெய்யான காயத்தில்தான் பொய் ஈ மொய்க்கும்.

சொன்னேன், ஒட்டுப்படம் என்று. கணக்கும் சொன்னேன். கேட்டுக்கொண்டான். அப்புறம் ஒன்று கேட்டான்.

“சரிண்ணே, பொய்யாவே இருக்கட்டும். அவங்க ஆயிரம் பொய் சொல்லி நம்மள கீழ தள்ளினாங்க. நாம ஒரு பொய் சொல்லி நிமிந்துக்கிட்டா என்ன தப்பு?”

ஒடுக்கப்பட்டவனுக்குப் பொய் ஆகுமா என்ற கேள்வி. ஒழுக்கம் போதிக்கிறவர்கள் உடனே ஆகாது என்பார்கள். எனக்கு அந்த அவசரம் இல்லை. போலீஸ் தேடுகிற தோழனைப் பரணில் ஒளித்துவிட்டு, வரவில்லை என்று சொன்ன தாய்மார்களை நான் அறிவேன். அந்தப் பொய்யின் முன்னால் தலை வணங்குகிறேன். ஆனால் தம்பி கேட்டது வேறு. தன்னைக் காக்கிற பொய்யும் தனக்குப் பெருமை சேர்க்கிற பொய்யும் ஒன்றா?

●

பாரதக் கதைக்குள்ளேயே போவோம். கடோத்கஜன் எங்கே பிறந்தான்? ஹிடிம்பிக்குப் பிறந்தான். ஹிடிம்பியை பீமன் எங்கே பார்த்தான்? காட்டில். காட்டுக்கு ஏன் வந்தான்? அரக்கு மாளிகை எரிந்ததால். மாளிகையை எரித்தது யார்? இங்கேதான் கதை சொல்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். துரியோதனன் கட்டிய மாளிகைதான், ஆனால் வியாச பாரதத்தின்படி அன்றிரவு தீ வைத்தது பீமன். குந்தி வைத்த விருந்துக்குச் சோற்றுக்காக வந்த ஒரு நிஷாதப் பெண்ணும் அவள் பிள்ளைகள் ஐந்து பேரும் குடித்துவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாண்டவர்கள் தாயோடு சுரங்கம் வழியே தப்பினார்கள். காலையில் ஊர்ஜனம் சாம்பலைக் கிளறியது. ஒரு பெண், ஐந்து ஆண். ஐயோ, குந்தியும் பிள்ளைகளும் செத்தார்களே என்று அழுதது.

பொய்ச்சாட்சிக்கு எலும்பு தேவைப்பட்டது. அந்த எலும்பு நிஷாதர் எலும்பாக இருந்தது. ஆறு பேருக்கும் பேர் இல்லை. இவ்வளவு நீளக் கதையில் குதிரைக்குப் பேர் இருக்கிறது, சங்குக்குப் பேர் இருக்கிறது. இவர்களுக்கு இல்லை.

அங்கிருந்து தப்பியவன்தான் ஹிடிம்பனைக் கொன்று அவன் தங்கையைக் கட்டுகிறான். பிறந்த பிள்ளைக்குப் பானைத்தலையன் என்கிற பொருளில் பேர். குடித்தனம் செய்யாமல் போய்விடுகிறான் அப்பன். சண்டை வந்தபோது பிள்ளை நினைவுக்கு வருகிறது. கர்ணனிடம் ஒரே ஒருமுறை எறியக்கூடிய சக்தி ஆயுதம் இருந்தது. அருச்சுனனுக்கு என்று வைத்திருந்தான். அதைச் செலவழிக்க வைக்கக் கடோத்கஜனை இரவுச் சண்டைக்கு அனுப்புகிறான் கிருஷ்ணன். அவன் விழுந்தபோது பாண்டவர் அழ, கிருஷ்ணன் கூத்தாடுகிறான். துரோண பருவத்தில் அதற்கு அவனே காரணம் சொல்கிறான்: இவன் பிராமணருக்கும் யாகத்துக்கும் பகைவன், கர்ணன் கொல்லாவிட்டால் நானே கொல்ல வேண்டியிருந்திருக்கும் என்று. அதே பேச்சில் நிஷாத மகன் ஏகலைவனைத் தீர்த்துக்கட்டியதையும் சேர்த்துச் சொல்கிறான். சாகும்போதுகூட கடோத்கஜன் உடம்பைப் பெரிதாக்கி எதிரிப் படையின் மேல் விழுந்து நசுக்கினானாம். அவன் உடம்பு பெரிதாக இருக்க வேண்டியிருந்ததன் காரணம் இதுதான். கேடயம் பெரிதாக இருந்தால்தானே ஆளுக்கு நல்லது.

நாமோ அவனை மாயாபஜார் படத்தில் ரங்காராவாகப் பார்த்துச் சிரித்தோம். எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தில் கடைசி நாள் படுகளம். மண்ணைக் குழைத்துத் தரையில் துரியோதனனைப் பெரிய ராட்சசனாகப் போட்டு வைப்பார்கள். எங்கப்பா அதை வரப்பில் தூர நின்று பார்த்தவர். மண் சுமந்தவர்களில் அவரும் ஒருவர், கிட்டப்போகத்தான் முடியாது. இது பழங்கதை என்று நினைக்கிறவர்களுக்கு: விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நம் ஜனம் போனதற்காக அடி விழுந்தது 2023-இல். அந்த ஜூனில் கோயிலையே பூட்டி சீல் வைத்தார்கள். ராட்சசன் மண்ணில் கிடக்கலாம், மண் சுமந்தவன் உள்ளே வரக்கூடாது.

ஹிடிம்பி வம்சம் என்று சொல்லப்படுகிற ஜனம் இன்றும் இருக்கிறது. அசாமிலும் நாகாலாந்திலும் வாழும் திமாசாக்கள். திமாப்பூரில் காளான் வடிவில் கல்தூண்கள் நிற்கின்றன. பீமனும் கடோத்கஜனும் சதுரங்கம் ஆடிய காய்கள் என்று கதை. கட்டியவர்கள் கச்சாரி அரசர்கள், திமாசாக்களின் முன்னோர். 1790-இல் அரசன் கிருஷ்ணசந்திரனும் தம்பி கோவிந்தசந்திரனும் செம்பில் செய்த பசுவின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வந்து இந்து ஆனார்கள், பீமன் வழி க்ஷத்திரியர் ஆனார்கள். தன் பாட்டன் கட்டிய தூணைத் தன்னுடையது என்று சொல்ல ஒரு ஜனத்துக்கு பீமனின் கையெழுத்து தேவைப்பட்டது பாருங்கள்.

●

ராட்சதக் கதை செய்கிற முதல் வேலை இதுதான்: செய்தவன் கையிலிருந்து செய்பொருளைப் பிடுங்கிவிடுகிறது. நம்ம ஊர்க் காடுமேடுகளில் பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மூடிய ஈமக் கட்டுமானங்கள் இருக்கின்றன. பாண்டவர் குழி, பாண்டவர் வீடு, சில இடத்தில் குள்ளர் வீடு. ஒன்று ரொம்பப் பெரியவன், இல்லாவிட்டால் ரொம்பச் சின்னவன். நம்மைப்போல ஐந்தடி ஆள், கயிறும் கட்டையும் வைத்து, நாலு பேராகச் சேர்ந்து “ஏலேலோ” போட்டு நகர்த்தினான் என்று மட்டும் யாருக்கும் தோன்றாது.

அமெரிக்காவில் இது ரத்தம் குடித்தது. அங்கே பூர்வகுடிகள் எழுப்பிய பெரிய மண்மேடுகளைப் பார்த்த வெள்ளையர், இந்தக் காட்டுமிராண்டிகளா கட்டியிருப்பார்கள், முன்னால் வேறொரு மேலான இனம் இருந்து அழிந்துபோயிருக்கும் என்றார்கள். மேடுகளில் ராட்சதர் எலும்பு கிடைத்தது என்று பத்திரிகைகள் எழுதின. 1830-இல் பூர்வகுடிகளை மேற்கே விரட்டும் சட்டம் வந்தது. அந்த டிசம்பரில் ஜனாதிபதி ஜாக்சன், அந்த மேடுகள் ஒருகாலத்தில் வலிமையாக இருந்து மறைந்த இனத்தின் சின்னம் என்று சொல்லியே விரட்டலுக்கு நியாயம் பேசினார். முன்னால் இருந்தவன் போனான், இப்போது நீ போ. மேடுகளைக் கட்டியவர்கள் இந்தப் பூர்வகுடிகளின் முன்னோரே என்று சைரஸ் தாமஸின் ஆய்வறிக்கை நிறுவியது 1894-இல். அதற்குள் நிலம் போய்விட்டது. ஆனால் கதை போகவில்லை. 2014-இல் கிண்டலுக்குப் பொய்ச்செய்தி போடும் ஒரு தளம், ஸ்மித்சோனியன் நிறுவனம் ஆயிரக்கணக்கான ராட்சத எலும்புகளை அழித்துவிட்டது என்று எழுத, உலகம் பூராவும் அதை மெய்யென்று பரப்பினார்கள்.

அதற்கு முன்னால் 1869-இல் கார்டிஃப் ராட்சதன் என்று ஒன்று. ஜார்ஜ் ஹல் என்ற நாத்திகர் ஒரு பாதிரியோடு வாதம் செய்தார். பைபிளில் ராட்சதர் இருந்தார்கள் என்று வருகிறதே, அதை எழுத்துக்கு எழுத்து நம்புவதா என்று. நம்புகிறவர்களை நையாண்டி செய்யப் பத்தடி உயரத்தில் ஜிப்சம் கல்லில் ஆள் செதுக்கிப் புதைத்து, தோண்டி எடுக்க வைத்தார். ஜனம் காசு கொடுத்துக் கூட்டம் கூட்டமாகப் பார்த்தது. மூடநம்பிக்கையை அம்பலமாக்கப் போனவர் மூடநம்பிக்கையை விற்றுக் காசு பார்த்தார். நாத்திகன் செய்த பொய் என்பதால் அது பகுத்தறிவு ஆகிவிடவில்லை. தம்பிக்கு நான் சொன்ன முதல் பதில் இந்தக் கதைதான். ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. அந்த ஆயுதம் எந்தப் பக்கம் வெடிக்கும் என்று பார்க்க வேண்டும்.

●

தம்பி விடவில்லை. “அப்ப ஜோதிராவ் புலே? அயோத்திதாசப் பண்டிதர்? அவங்களும் புதுசா கதை சொன்னவங்கதானே?” என்றான்.

சரியான அடி. 1873-இல் அடிமைத்தனம் பற்றி எழுதிய நூலில் புலே, ராட்சசன் என்ற சொல்லுக்கே காப்பவன் என்று பொருள் சொன்னார். மாபலியை உழவர் அரசனாக நிறுத்தினார். 1907-இல் தொடங்கிய தம் இதழில் பண்டிதர், தீபாவளிக்கும் மற்ற பண்டிகைகளுக்கும் பௌத்த மூலம் எழுதினார். சொல்லாராய்ச்சிக்காரர்கள் இவற்றில் பலவற்றை இன்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியானால் அவர்கள் செய்ததும் ஒட்டுப்படமும் ஒன்றா?

ஒன்றில்லை என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல எனக்குச் சில நாள் ஆயிற்று. புலே தன் பேரைப் போட்டு எழுதினார். இந்தக் கதையை நான் இப்படிப் படிக்கிறேன், நீ சொன்னதைவிட இது நியாயமாகப் படவில்லையா என்று கேட்டார். எதிரி வந்து மறுக்கலாம். வாசல் திறந்திருக்கிறது. அது ஒரு வாசிப்பு. கதைக்கு எதிர்க்கதை. ஒட்டுப்படம் வாசிப்பு இல்லை, அது பொய்ச்சாட்சி. யார் சொன்னது என்று கேட்டால் ஆள் இல்லை. வா பேசலாம் என்று கூப்பிடாமல், பார்த்தாயா எலும்பு, வாயை மூடு என்கிறது. எதிர்க்கதை கேட்பவனை யோசிக்கச் சொல்கிறது. பொய்ச்சாட்சி அவன் யோசனையைப் பறித்துக்கொள்கிறது. சாதி நமக்குச் செய்ததும் அதுதானே. பிறப்பைக் காட்டி, வேதத்தைக் காட்டி, யோசிக்காதே என்றது.

காலாமர்களுக்குப் புத்தர் சொன்னதாக வருவதை நினைத்துக்கொள்கிறேன். வழிவழியாக வந்தது என்பதால் ஏற்காதே, நூலில் இருக்கிறது என்பதால் ஏற்காதே, சொன்னவர் குரு என்பதாலும் ஏற்காதே. இதில் ‘நம்ம ஆள் அனுப்பினது’ என்பதையும் இன்றைக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது பதில் இன்னும் முக்கியம். நமக்கு என்ன சொத்து இருக்கிறது? நிலம் இல்லை. பத்திரம் இல்லை. கோயில் கல்வெட்டில் நம் பேர் வந்தால் தீண்டாச்சேரி என்றும் பறைச்சேரி என்றும் வருகிறது. நமக்கு இருப்பது சாட்சி ஒன்றுதான். நான் பார்த்தேன், எனக்கு நடந்தது, என் புருஷனை இவன் வெட்டினான் என்று சொல்கிற வாய். அந்த வாயைத்தான் எப்போதும் நம்ப மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். எலும்பு இருந்தது, சாம்பல் இருந்தது, பிழைத்தவர்கள் சாட்சி இருந்தது. காரும் நிலபுலனும் உள்ள கௌரவமானவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற போக்கில் எழுதி, எழுபதுகளில் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் ஜனம் குடிக்கிற தண்ணித் தொட்டியில் மலம் கலந்தார்கள். டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கொடு என்று அந்தத் தண்ணியைக் குடித்தவர்களிடமே கேட்டார்கள். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை அந்த ஜனத்தின் இளைஞர்கள் மூன்று பேர் மேலேயே போடப்பட்டது.

அறுபது அடி எலும்பை ஒரு கேள்வி கேட்காமல் நம்புகிற நாடு இது. ஐந்தடி எலும்பை நூறு கேள்வி கேட்ட பிறகும் நம்பாத நாடு. இப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு பொய்ச்சாட்சியும் சாட்சியின் விலையைக் குறைக்கிறது. விலை குறைந்தால் பணக்காரனுக்கு நட்டமில்லை. அவனுக்குப் பத்திரம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். வாய்ச்சொல்லை மட்டும் வைத்திருக்கிறவன்தான் திவாலாவான். “இவனுங்க இப்படித்தான், கண்டதையும் கெளப்பிவிடுவானுங்க” என்று அடுத்த வழக்கில் நம்மைப் பார்த்துச் சொல்ல, நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

மூன்றாவது: வாட்ஸ்அப் ராட்சசன் எப்போதும் அறுபது அடியில் வருவதில்லை. 2018-இல் பிள்ளை பிடிக்கிறவனாக வந்தான். இரவில் வருவான், குழந்தையைத் தூக்குவான் என்று படத்தோடு சேதி. பழைய அரக்கன்தான், சட்டை போட்டு வந்தான். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த வயதான பெண்மணியை அடித்தே கொன்றார்கள். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ராயின்பாடாவில் ஐந்து பேரை அடித்துக் கொன்றார்கள். நாத்பந்தி தவரி கோசாவி என்ற நாடோடிச் சமூகத்தார், பிச்சை கேட்டு வந்தவர்கள். அதற்குப் பிறகுதான் ஒரு சேதியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. ராட்சசன் என்ற சொல்லுக்கு ஆள் தேவைப்படும்போது கூட்டம் யாரைத் தேடிப் போகிறது? வீடில்லாதவனை, முகம் தெரியாதவனை, பாஷை தெரியாதவனை. இந்தச் சொல்லைப் பெருமைக்காகக்கூடப் பெரிதாக்கிக் காட்டுவதற்கு முன்னால் அந்த ஐந்து பேரை நினைக்க வேண்டும்.

●

இதையெல்லாம் சொன்னால் கற்பனையே வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை. எங்க ஆயா முதுமக்கள் தாழியைப் பற்றிச் சொன்ன கதை இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் மனுசனுக்குச் சாவே வராதாம். வயசு ஏற ஏறச் சுருங்கிப்போய்க் கைப்பிள்ளை மாதிரி ஆவார்களாம். தாழிக்குள் உட்கார வைத்து, சோறும் விளக்கும் வைத்து மூடுவார்களாம். ஆயா அதை ஆதாரம் என்று சொல்லவில்லை. கதை என்றுதான் சொன்னாள். வயசானவர்களை என்ன செய்வது என்கிற வருத்தம் அதில் இருந்தது. கேட்ட யாரும் யாரையும் அடிக்கப் போகவில்லை.

இப்போது தாழியைத் திறந்து பார்க்கிறார்கள். கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் அந்த ஊரின் இடுகாடு. அங்கே தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் கணினியில் முகம் கொடுத்துப் பார்த்தார்கள். 2025-இல் படங்கள் வெளியாயின. இதுவும் கணினியில் செய்த படம்தான். ஆனால் இதைச் செய்தவர் யார், எந்த எலும்பிலிருந்து, எது அளவு, எது ஊகம் என்று சொல்லிச் செய்தது. இரண்டு ஆண்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி முகம். பிரம்மாண்டம் எதுவும் கிடையாது. நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தம்பிக்கும் அனுப்பினேன். “சாதாரணமா இருக்காங்கண்ணே” என்று பதில் போட்டான். ஆமாம் தம்பி. சாதாரண ஆட்கள்தான் பானை வனைந்தார்கள், கல் நகர்த்தினார்கள், குளம் வெட்டினார்கள். சாதாரண ஆட்களைத்தான் கொன்றார்கள். மனிதனாக இருப்பதற்கு மேல் பெரிய உயரம் எதையும் நாம் கேட்கவில்லை. அதைத்தானே இவ்வளவு காலம் தர மறுக்கிறார்கள்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கும் எழுதுகிற தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு படம் வந்தால், அது நமக்குச் சாதகமாக இருந்தால், அப்போதுதான் இரண்டு மடங்கு விசாரியுங்கள். யார் எடுத்தது, எந்த ஊர், எந்த வருஷம், யார் பேர் போட்டிருக்கிறது. பதில் இல்லாததை அனுப்பாதீர்கள். அனுப்புகிற கைக்கு வேறு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் வெட்டுப்பட்டவர், கிணற்றில் தள்ளப்பட்டவர், கூலி கேட்டு அடிபட்டவர் பேர்களை, தேதியோடு, பார்த்தவர்கள் சொன்னபடி, அவர்கள் சம்மதத்தோடு எழுதி வையுங்கள். அரக்கு மாளிகையில் எரிந்த அந்தப் பெண்ணின் பேர் நமக்குத் தெரியாது, அவள் ஐந்து பிள்ளைகளின் பேரும் தெரியாது. அன்றைக்கு எழுதி வைக்க நம் கையில் எழுத்தாணி இல்லை. இன்றைக்கு இருக்கிறது.